பேராண்டி பெட்டியில பசலி இல்ல

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. போன தடவ வந்தப்போ மார்தட்டிக்கினு ஒரு சேதி சொன்ன. லைப்ரரின்னு ஒண்ணு இருக்குது, உலகத்துல இருக்கிற காலண்டர் எல்லாம் அதுக்குள்ள அடக்கம், எந்த நாட்டுத் தேதியக் குடுத்தாலும் எந்த நாட்டுத் தேதியா வேணும்னாலும் மாத்திக் குடுக்கும்னு சொன்ன. சந்தோஷம்டா ராசா. நீ தாது வருஷம் ஆவணி மாசம் பொறந்தவன், உங்க ஆயாவக் கேட்டா சத்தியம் பண்ணுவா. அத ஒண்டி உன் மெஷின்கிட்ட சொல்லிப் பாரு. 1996ம் தாது, 1936ம் தாது, 1876ம் தாது. கடைசியாச் சொன்னது தாது வருஷப் பஞ்சம் வந்த வருஷம், சென்னை ராஜதானியே கஞ்சித் தொட்டி வாசல்ல நின்ன காலம். அதுல பொறந்தவன்னு உன்னப் பதிஞ்சு வச்சா, பொண்ணு பாக்கறதுக்கு முன்னாலயே உனக்கு முதியோர் பென்ஷன் வந்துடும்.

2000 பொறக்கப் போவுது, ரெண்டு இலக்கத்துல வருஷம் எழுதி வச்சதால கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துடும்னு உலகமே பயந்துச்சாமே. 60 வருஷத்துக்கு ஒரு தடவ அந்தக் கண்டத்தத் தாண்டித் தாண்டி வந்தவங்கடா நாம. பொறந்த வருஷம் பேரு திரும்பி வர்ற வரைக்கும் உசுரோட இருந்தவனைத் திருக்கடையூருக்குக் கூட்டிப் போய் மறுபடி தாலி கட்ட வைக்கிறோம். உங்க கம்ப்யூட்டர் கண்டத்துக்கு அமெரிக்காக்காரன் கோடிக்கணக்குல டாலர் செலவு பண்ணினான்.

நீ போன்ல காட்டின பட்டியலப் பாத்தேன். அந்தப் பொட்டலத்துக்குப் பேரு ஐ.சி.யூ.ன்ன, யாருக்கு சீரியஸ்னு பதறிட்டேன் நானு. ஜப்பான், தாய்லாந்து, சீனா, கொரியா, பாரசீகம், யூதர், எகிப்து, எத்தியோப்பியா எல்லாம் வரிசையா நின்னுச்சு. எத்தியோப்பியாவுல வருஷத்துக்கு 13 மாசமாம், பதிமூணாவது மாசம் அஞ்சே நாளு, சில வருஷம் ஆறு. மாசம்னா 12தான்னு நம்பி எழுதினவன் ப்ரோகிராம் எல்லாம் அங்க போய்க் கவுந்துச்சாம். ஜாவாக்காரன் 2014ல புதுசாப் பண்ணினதுல அஞ்சு காலண்டர். பைத்தான்காரன் இந்த வம்பே வேணாம்னு இங்கிலீஷ் காலண்டர் ஒண்ணோட நிறுத்திக்கினான். ஜாவாஸ்கிரிப்ட்ல பழைய கணக்குல ஜனவரி சைபர், டிசம்பர் 11. அதுல மாசம் எண்ணி வளைகாப்பு வச்சா, வளையல்காரன் வர்றதுக்கு முன்னால புள்ள வந்து நிக்கும்.

அந்தப் பட்டியல்ல 'இண்டியன்'னு ஒண்ணு இருந்துச்சே, அதக் காட்டி "தோ பாரு தாத்தா, நம்மளுது"ன்ன. எவன்டா சொன்னது? அது சக காலண்டர். 1952ல மேக்நாத் சாகா தலைமையில கமிட்டி போட்டாங்க. நட்சத்திரத்தோட சூட்டையே கணக்குப் போட்டவரு, பெரிய மனுஷன், கொறை சொல்ல மாட்டேன். தேசத்துல முப்பது வகைப் பஞ்சாங்கம் இருக்குது, ஒண்ணாக்கலாம்னு பாத்தாரு. 1957 மார்ச் 22லேருந்து சர்க்கார் காலண்டரா வந்துச்சு. கெஜட்டுல போடுவான், ரேடியோவுல சொல்லுவான். அதோட சரி. அதுல சைத்ர மாசம் 1ந்தேதி பொறக்கிற அன்னைக்கு நம்ம வாலாஜாபாத்துல பங்குனி பொறந்து ஒரு வாரம்தான் ஆயிருக்கும். நீ அதத் தமிழ் காலண்டர்னு நெனச்சுக்கினு போன்ல வச்சு, உங்கம்மாவுக்குச் சித்திரை பொறந்துடுச்சுன்னு மூணு வாரம் முன்னாலயே வாழ்த்து அனுப்பின பாரு, அப்போ சிரிச்சவதான், இன்னும் நிறுத்தல.

ஆனா அது ஏன் உன் பெட்டிக்குள்ள போச்சுன்னு யோசிச்சியா? முதல் மாசம் 30, லீப் வருஷம்னா 31, அப்பால அஞ்சு மாசம் 31, மிச்சமெல்லாம் 30. நாலு வரியில எழுதிடலாம். சூத்திரத்துக்கு அடங்கினவன் உள்ள போயிட்டான், அடங்காதவன் வெளிய நிக்கிறான். எத்தனை பேரு பயன்படுத்தறான்னு எவனும் பாக்கல.

இப்ப நீ பண்றது இன்னா வேலை? நெலக் கணக்கு ஆப்பு. அடங்கல், சிட்டா, கிஸ்தி ரசீது எல்லாத்தையும் போட்டோ புடிச்சு உள்ள ஏத்தணும், தேதிவாரியா அடுக்கணும். நான் தலையாரியா இருந்தப்போ அந்தக் கட்டைத் தலையில தூக்கிக்கினு கணக்குப்பிள்ள பின்னாலயே ஜமாபந்திக்குப் போனவன்டா. அதுல எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் மேல இருக்கிறது இங்கிலீஷ் வருஷமும் இல்ல, தமிழ் வருஷமும் இல்ல. பசலி. இன்னைக்கும் அதுதான். 2025 ஜூலை 1ந்தேதி பொறந்தது பசலி 1435. ரெவின்யூக்காரனுக்கு வருஷம் ஜூலையில பொறந்து ஜூன்ல முடியும், முடியற நேரத்துக்கு ஜமாபந்தி. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கடைசி குக்கிராமத்து வி.ஏ.ஓ. வரைக்கும் ஓடற காலண்டர். உன் பெட்டியில தேடினியே, இருந்துச்சா?

உடனே கெட்டிக்காரன் கணக்கா ஒரு வரி எழுதின, இங்கிலீஷ் வருஷத்துல 590 கழின்னு. நானும் "ஆகா"ன்னேன். அப்பால மெதுவா, "மார்ச் மாசத்து ரசீது?"ன்னேன். முழிச்ச. ஜனவரியில இருந்து ஜூன் வரைக்கும் 591 கழிக்கணும்டா. அதையும் சேத்துட்டு நிமிந்த. "1850 ஜூலை 5ந்தேதி எழுதின பத்திரம்?"ன்னேன். "ஜூலை தாண்டியாச்சே, 590தான்"ன்ன. தப்பு. ஆதியில பசலி பொறந்தது ஆடி 1ந்தேதி. 1800 வாக்குல கும்பினிக்காரன் அத ஜூலை 13ன்னு ஆணி அடிச்சான். 1855லதான் ஜூலை 1க்கு நகத்தினான். அதனால அந்த 1850 பத்திரம் பழைய பசலியிலதான் கெடக்குது. வாய்தா, கிஸ்தி, குத்தகை எல்லாம் அந்த ஒரு வாரத்துல மாறும். ஒரு ஏக்கருக்கு ரெண்டு பங்காளி கோர்ட்டுக்குப் போனா, உன் ஒரு வரி எவன் தலையில விடியும்னு யோசி.

அந்த 590 எங்கேருந்து வந்துச்சுன்னாவது கேட்டியா? ஷாஜகான் தக்காணத்துக்குப் பசலியக் கொண்டாந்தது 1636ல. அப்போ ஹிஜ்ரி 1046. கழிச்சுப் பாரு. அன்னைக்கு ரெண்டும் ஒரே எண்ணு. அப்பால ஹிஜ்ரி நிலாவோட போச்சு, வருஷத்துக்கு 354 நாளு, சில வருஷம் 355. பசலி வெள்ளாமையோட தங்கிச்சு, சூரியன் கணக்கு. கிட்டத்தட்ட நானூறு வருஷத்துல ஹிஜ்ரி 12 வருஷம் முன்னால ஓடிப் போய், பசலி 1435 பொறந்தப்போ 1447ல நின்னுச்சு. அக்பர் வடக்க ஆரம்பிச்ச பசலி வேற, அது நம்மளுதுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல பின்னால. 'பசலி'ன்னு பேரு ஒண்ணா இருக்குதேன்னு லக்னோ பத்திரத்தையும் உத்திரமேரூர் பத்திரத்தையும் ஒரே பெட்டியில போட்டுடாதே.

ஹிஜ்ரிதான் பெட்டியில இருக்குதேன்னு ரொம்ப மெதப்பாவும் இருக்காதே. ஜாவாக்காரன் வச்சிருக்கிறது சவுதிக்காரனோட உம்முல் குரா அட்டவணை. நம்ம பள்ளிவாசல்ல பெருநாள் என்னைக்குன்னு அட்டவணை சொல்லாது, பிறை தெரிஞ்சுதான்னு பாத்துட்டு தலைமை காஜி சொல்லுவாரு. ரஹீம் பாய் வூட்டு பிரியாணிக்கு உன் ஆப்ப நம்பி ஒரு நாள் முன்னால போய் நின்னா, அவங்க நோன்புல இருப்பாங்க. நீ கஞ்சி குடிச்சுட்டு வரணும்.

இங்கிலீஷ் தேதியாவது ஒண்ணுதான்னு நெனக்காதே. நம்மூரு பேரே ஆர்க்காட்டு நவாப்பு முகமது அலி வாலாஜா பேரு. (வாலாஜாபேட்டையில எறங்கிட்டு வாலாஜாபாத்துல இருக்கேன்னு போன் பண்றவன் இன்னைக்கும் இருக்கான். அது ராணிப்பேட்டை ஜில்லாடா!) அவங்கப்பா அன்வருத்தீன் நவாப்பா இருந்தப்போ, 1746ல, பிரெஞ்சுக்காரன் வந்து மெட்ராஸ் கோட்டையப் புடிச்சான். என்னைக்கு? பிரெஞ்சுக் காகிதத்துல செப்டம்பர் 21. இங்கிலீஷ்காரன் காகிதத்துல அதே நாள் செப்டம்பர் 10. நவாப்பு தர்பாருக்கு ஹிஜ்ரி 1159. பாண்டிச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை டைரி எழுதிக்கினு இருந்தாரே, அவருக்கு அட்சய வருஷம் புரட்டாசி. ஒரே சாயங்காலம், நாலு தேதி. ஏன்னா பிரான்சுக்காரன் 1582லயே புதுக் காலண்டருக்கு மாறிட்டான், இங்கிலீஷ்காரன் அது போப்பு சொன்னதுன்னு 170 வருஷம் முறுக்கிக்கினு இருந்துட்டு 1752ல மாறினான். அந்த வருஷம் செப்டம்பர் 2ந்தேதி படுத்தவன் 14ந்தேதி எழுந்தான். உன் பழைய ஜாவா காலண்டரு எல்லாரும் 1582லயே மாறிட்டாங்கன்னு வச்சுக்கும். புது ஜாவா, போப்பு பொறக்கறதுக்கு முன்னாலயும் புதுக் காலண்டருதான்னு சாதிக்கும். ரெண்டுல எதுல போட்டாலும் பிரெஞ்சுக்காரன் கோட்டையப் புடிக்கிறதுக்கு 11 நாள் முன்னாலயே இங்கிலீஷ்காரன் சரணடைஞ்சுட்டான்னு உன் ஸ்க்ரீன் சொல்லும். அவ்ளோ மரியாதைக்காரன் இல்லடா இங்கிலீஷ்காரன்.

தேதி எப்படி எழுதணும்னு பாக்கணும்னா கம்பெனி ஏ.சி. ரூம்ல உட்காராதே, பாலாத்தத் தாண்டி உத்திரமேரூர் பஸ் ஏறு. வைகுண்டப் பெருமாள் கோயில் சொவுத்துல இருக்கிற கல்வெட்டுக்கு டூரிஸ்ட் வர்றான், மந்திரி வர்றான், குடவோலை, தேர்தல், ஜனநாயகம்னு பேசிட்டு போட்டோ எடுத்துக்கினு போயிடறான். நீ அதுல தேதிய ஒண்டி பாரு. ரெண்டாவது கல்வெட்டுல பராந்தக சோழனோட 14-ஆவது வருஷம், 16-ஆவது நாள்னு இருக்குது. மாசமே இல்ல. வருஷம், அதுல எத்தனாவது நாளு, தீந்துச்சு. ஐ.எஸ்.ஓ.ன்னு எதையோ சொல்லி, வருஷத்தையும் நாள் எண்ணையும் சேத்து எழுதற முறை ஒண்ணு இருக்குதுன்னு போன மாசம் புதுசாக் கண்டுபுடிச்சாப்புல சொன்னியே, அதத்தான் நம்ம ஊர் கல் தச்சன் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால வெட்டி வச்சான்.

இன்னொண்ணு பாரு. வெறும் கோப்பரகேசரின்னு போட்டா எந்த ராஜான்னு தெரியாது. சோழங்க ஒருத்தன் விட்டு ஒருத்தன் பரகேசரி, ராஜகேசரின்னு மாத்தி மாத்தி வச்சுக்கினானுங்க. அதனால 'மதிரை கொண்ட'ன்னு முன்னால அடைமொழி போட்டான். பின்னால வந்த படிச்சவங்க பராந்தகன் பட்டமேறினது 907ன்னு கணக்குப் போட்டு, இந்தக் கல்லு 921ன்னாங்க. சரியாத்தான் இருக்கும். ஆனா கல்லுல இருக்கிறது 14, 16. 921ங்கிறது நம்ம கணக்கு. நாளைக்கு எவனாவது புதுக் கல்லத் தோண்டி எடுத்து, பட்டமேறினது வேற வருஷம்னு நிரூபிச்சா, 921 மாறும், கல்லு மாறாது. நீ 921ஐ ஒண்டி வச்சுக்கினு மிச்சத்த அழிச்சிருந்தா, எதப் பாத்து மாத்துவ?

அதே கல்லுல, ஊர் வாரியத்துல உட்கார்றவனுக்கு எத்தனை நாள் பதவின்னு வச்சான் தெரியுமா? 360 நாளு. ஒரு வருஷம்னு சொல்லல. வருஷம்னு விட்டிருந்தா சூரிய வருஷமா, சந்திர வருஷமான்னு பேசியே ரெண்டு மாசம் நாற்காலியில ஒட்டிக்குவானுங்கன்னு நம்மாளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன். நீ போன வாரம் 'ஒரு வருஷம் கூட்டு'ன்னு எழுதினதுக்கும் '365 நாள் கூட்டு'ன்னு எழுதினதுக்கும் வேற வேற பதில் வருதேன்னு ராத்திரி பூரா தலைய சொறிஞ்சியே, அந்த வம்பே அங்க இல்ல. எண்ணிக் குடுத்தாச்சு, எண்ணி எடுத்துக்கோ, கணக்கக் காட்டிட்டு எழுந்துரு. கணக்குக் காட்டாதவன் பேரை அடுத்த தடவ ஓலையில எழுதக்கூடாது. அந்த வரிய ஒண்டி இன்னைக்கு எந்தப் பஞ்சாயத்துலயும் படிச்சுக் காட்டாதே, ஊர விட்டுத் தொரத்திடுவான்.

ராஜா பேர்ல தேதி எழுதறது செத்துப் போன வழக்கம்னு நெனக்காதே. ஜப்பான்ல இன்னைக்கும் அதுதான். 2019 மே 1ந்தேதி புது ராஜா வந்தாரு, சகாப்தம் பேரு ரெய்வா. அந்தப் பேரையே ஏப்ரல் 1ந்தேதிதான் வெளிய சொன்னாங்க. யூனிகோடுக்காரன் எழுத்துக்கு ஒரு எடத்தக் காலியா வச்சுக்கினு காத்திருந்தான், ஜாவாக்காரன் 'புது சகாப்தம்'னு ஒப்புக்கு ஒரு பேர் போட்டு வச்சிருந்தான். எவ்ளோ பெரிய கம்பெனியா இருந்தா இன்னா, அரண்மனை வாயத் தொறக்கிற வரைக்கும் கைகட்டி நின்னுதான் ஆவணும். 2024ல ஆர்.எஃப்.சி. 9557ன்னு ஒரு தீர்மானம் போட்டு, தேதிக்குப் பின்னால கட்டம் கட்டி இது எந்தக் காலண்டருன்னு பேரையும் ஒட்டலாம்னு சொல்லிட்டாங்களாமே. 'மதிரை கொண்ட' எடம் மாறி வாலுக்குப் போயிருக்குது, வேற ஒண்ணுமில்ல.

சரி, தமிழ் மாசத்துக்கு வருவோம். அதுக்கு ஏன் சூத்திரம் கெடைக்கலன்னு கேட்ட இல்ல? சூரியன் அடுத்த ராசிக்குள்ள நொழையற நேரம் சங்கராந்தி. அது நம்ம ஊர்ல சூரியன் எறங்கறதுக்கு முன்னால நடந்தா அன்னைக்கே மாசம் பொறக்கும், எறங்கின அப்பால நடந்தா மறுநாள். மலையாளத்தான் அத மத்தியானம் ஏறக்குறைய ஒண்ணே கால் மணியோட முடிச்சுக்கறான். சங்கராந்தி மூணு மணிக்கு வந்துச்சுன்னா பொள்ளாச்சியில 1ந்தேதி, பக்கத்துல பாலக்காட்டுல இன்னும் போன மாசத்துக் கடைசி நாளு. உங்க சித்தப்பன் டொரொண்டோவுல இருக்கானே, சித்திரை சங்கராந்தி நமக்கு 14ந்தேதி சாயங்காலம் 7 மணிக்குன்னு வச்சுக்கோ. நம்ம சூரியன் எறங்கியாச்சு, நமக்கு 15ந்தேதிதான் வருஷப் பொறப்பு. அவனுக்கு அப்போ காலையில ஒம்போதரை, அவன் ஊர் சூரியன வச்சுப் பாத்தா 14ந்தேதியே. இத எப்படி நாலு வரியில எழுதுவ? ஊர் எது, அந்த ஊர்ல சூரியன் எப்போ எறங்குது, எவன் விதி, எல்லாத்தையும் கேட்டாத்தான் தேதி சொல்ல முடியும். டெர்ஷோவிட்ஸ், ரைங்கோல்டுன்னு ரெண்டு வாத்தியாருங்க காலண்டர் கணக்குக்குன்னே புஸ்தகம் போட்டு, அதுல நம்ம அஸ்தமன விதி வரைக்கும் எழுதி வச்சிருக்காங்கன்னு நீதான் காட்டின. வெள்ளக்காரன் எழுதி வச்சத உன் லைப்ரரிக்காரன் படிக்கல, அவ்ளோதான்.

பொங்கல் ஜனவரி 14ன்னு நீ எழுதி வச்சிருக்கியே, அதையும் அழி. விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்னைக்குத்தான் பொறந்தாரு, 1863ல அது ஜனவரி 12. நம்ம வருஷம் இங்கிலீஷ் வருஷத்த விட ஒரு துளி நீளம், அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளும். இப்பவே சில வருஷம் 15க்குப் போயிடுது. உன் பேரன் காலத்துல 14ந்தேதி பொங்கல் வச்சா, அன்னைக்குப் போகியாத்தான் இருக்கும்.

இதுக்கு மேல பஞ்சாங்கக்காரன் சண்டை வேற. திருக்கணிதக்காரன் 2025 மார்ச் 29லயே சனிப்பெயர்ச்சின்னான். திருநள்ளாறு கோயில்ல, நாங்க வாக்கியம், எங்களுக்கு 2026லதான்னு சொல்லிட்டாங்க. ஒரே சனி பகவான், கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். பரிகாரம் பண்றவன் ரெண்டு தடவையும் பண்ணிக்கினான், தேங்கா வியாபாரி ரெண்டு பஞ்சாங்கத்தையும் கும்புட்டான்.

வாக்கியம்னா இளப்பமா நெனக்காதே. வாரன்னு ஒரு துரை 1825ல மெட்ராஸ்ல 'கால சங்கலித'ன்னு புஸ்தகம் போட்டான். பாண்டிச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரரப் பாத்தத எழுதியிருக்கான். அவர் பேரு துரை காதுல 'சாமி நாடன் சாஷியா'ன்னு விழுந்திருக்குது. அந்த மனுஷன் காகிதம் இல்ல, பேனா இல்ல, தரையில சோழிய நகத்தி நகத்தி, மனப்பாடமா இருந்த வாக்கியத்த முணுமுணுத்துக்கினே சந்திர கிரகணத்தக் கணிச்சாரு. 1825 மே 31 ராத்திரி கிரகணம். ஆரம்பம் நாலு நிமிஷ வித்தியாசத்துல நின்னுச்சு. முடியற நேரம் முக்கால் மணிக்கு மேல பெசகுச்சு, அதையும் மறைக்கத் தேவையில்ல. அவர் தலைக்குள்ள இருந்தது இன்னா? அட்டவணைடா. நிலாவுக்கு 248 நாளு, நாளுக்கு ஒரு வாக்கியம். நேபாளக்காரன் காலண்டருக்கு லைப்ரரி எழுதறவனும் இன்னைக்கு அததான் பண்றான்னு சொன்ன, வருஷா வருஷம் மாசத்துக்கு எத்தனை நாளுன்னு அட்டவணையப் பக்கத்துல வச்சுக்கினு ஓட்டறான். அதனால நீயும் பெரிய கணக்கெல்லாம் போட்டுத் தலையக் கெடுத்துக்காதே. பாம்பு பஞ்சாங்கத்த வாங்கி, வருஷத்துக்கு 12 எண்ணு எழுதிக்கோ. எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊருன்னு மேல எழுதி வை.

மணிக்கணக்க வச்சும் ஒரு கூத்து பண்ணின. பட்டா தேதிய லண்டன் நேரத்துக்கு மாத்தி உள்ள வச்ச, நம்ம ராத்திரி 12 மணி அங்க முந்தின நாள் சாயங்காலம் ஆறரை, அத்தனை பட்டாவும் ஒரு நாள் மூப்பாயிடுச்சு. பத்திரத்துல தேதிதான் இருக்குது, எவன்டா மணி கேட்டான்? விடியற்காலம் மூணு மணிக்குப் பொறந்தவன் நீ, ஜாதகத்துல உனக்கு முந்தின நாளு, ஆஸ்பத்திரிச் சீட்டுல மறுநாளு. ரெண்டும் சரி, எழுதினவன் வேற. (உன் நேரக் கோப்புல கல்கத்தா பேரு போட்ட பக்கத்துக்குள்ள 1906 வரைக்கும் அஞ்சு மணி இருபத்தோரு நிமிஷம் பத்து விநாடின்னு மெட்ராஸ் டைம் ஒளிஞ்சுக்கினு இருக்குதாமே. அந்த ஒரு சேதிக்காக உன் தொழில் மேல எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துச்சு.)

என் தேதியவே எடுத்துக்கோ. எங்கம்மா சொன்னது விய வருஷம் ஐப்பசி, அடைமழை. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஹெட்மாஸ்டர் என் கைய காது தொடச் சொல்லிப் பாத்துட்டு ஜூன் 1ன்னு எழுதினாரு. பென்ஷனு ஜூன்ல வருது, ஆயுஷ் ஹோமம் ஐப்பசியில நடக்குது. நீ ஆப்புல ஒரு கட்டம் வச்சு ஒண்ணத்தான் போட முடியும்னா, நான் எதச் சொல்லட்டும்? ரெண்டு கட்டம் வைடா. ஒண்ணுல காகிதத்துல எழுதி இருக்கிறது இருக்கிறபடியே. பசலி 1260ன்னா பசலி 1260, தாது ஆவணின்னா தாது ஆவணி, எவன் எழுதினான், எந்த ஆபீசு, எந்தப் பஞ்சாங்கம், அதோட சேத்து. இன்னொண்ணுல உன் இங்கிலீஷ் தேதி, அடுக்கறதுக்கு. ரெண்டாவது கட்டத்த எப்ப வேணும்னாலும் அழிச்சுத் திரும்ப எழுதிக்கலாம். முதல் கட்டத்துல கை வச்சா தலையாரிய அனுப்புவேன், சொல்லிட்டேன்.

கிளம்பறியா? சரி. மோர் குடிச்சுட்டுப் போ. அந்த ஆப்ப முடிச்சு மேனேஜருகிட்ட காட்டறதுக்கு முன்னால ஒரே ஒரு தேதிய அதுல போட்டுப் பாரு. ஆனி 32. செல்லாத தேதின்னு செவப்புல எழுதிச்சுன்னா, அந்த எடத்துலயே மூடி வச்சுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பி வா. உன் மேனேஜரையும் கூட்டிக்கினு வா.